திரும்பி வந்தவர்களை யார் எழுதுவது?

2014 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. மட்டக்களப்புக்கு வெளியே கடலில் இரண்டு அரசாங்கங்களின் கப்பல்கள் சந்தித்துக்கொண்டன. ஒன்று அவுஸ்திரேலியாவுடையது. மற்றது இலங்கைக் கடற்படையின் ‘சமுதுர’. முதல் கப்பலில் இருந்த 41 பேர் இரண்டாவது கப்பலுக்கு மாற்றப்பட்டார்கள். கரையில் இருந்த எங்களுக்கு இது மறுநாள் கன்பராவில் இருந்து வந்த அறிக்கையால்தான் தெரிந்தது. அப்போது குடிவரவு அமைச்சராக இருந்த ஸ்கொட் மொரிசன், மட்டக்களப்புத் துறைமுகத்துக்குச் சற்று வெளியே, கடல் அமைதியாக இருந்தபோது, எல்லோரும் பத்திரமாகக் கையளிக்கப்பட்டதாக அறிவித்தார்.

கடல் எப்படி இருந்தது என்பது அரச பதிவில் இருக்கிறது. அந்த 41 பேரும் எதற்காக வீடு வாசலை விட்டுப் படகேறினார்கள் என்பது அதில் இல்லை.

அவர்களில் 37 பேர் சிங்களவர், 4 பேர் தமிழர். ஜூன் மாதக் கடைசியில் கொக்கோஸ் தீவுகளுக்கு மேற்கே மறிக்கப்பட்டார்கள். நடுக்கடலிலேயே வீடியோ இணைப்பு வழியாக விசாரணை நடந்தது. பெயர் என்ன, எந்த நாடு, எங்கிருந்து புறப்பட்டீர்கள், ஏன் புறப்பட்டீர்கள் என்று நான்கு கேள்விகளே கேட்கப்பட்டதாக அன்றைய செய்திகள் சொல்லின. ஒரேயொருவருடைய கதையை மட்டும் மேலும் விசாரிக்க இடமிருப்பதாகக் கண்டார்கள். அவரும் மற்றவர்களோடு திரும்பிப் போகவே விரும்பினார் என்றார் அமைச்சர். கடற்படைக் கப்பல் மட்டக்களப்பில் கரை தொடவில்லை, தீவைச் சுற்றிக் காலிக்குப் போனது. காலி நீதவான் முன்னால் நிறுத்தப்பட்டபோது பிள்ளைகள் ஒன்பது பேரும் விடுவிக்கப்பட்டார்கள், ஐந்து பேர் விளக்கமறியலுக்குப் போனார்கள், மற்றவர்களுக்குப் பிணை கிடைத்தது. நீதிமன்ற வாசலில் கமராக்களுக்கு முன்னால் பெண்கள் கையால் முகத்தை மறைத்தபடி நடந்து போன படங்கள் உலகம் முழுக்கப் பரவின. அவர்களைப் பற்றி எழுதப்பட்டது அத்தோடு சரி.

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரைகளிலும் இப்படித் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். ஊரில் ‘போட்டுல போய்த் திரும்பினவன்’ என்று சொன்னால் ஆளை எல்லோருக்கும் தெரியும். அவர்களைப் பற்றி இரண்டு அரசாங்கங்கள் கட்டுக்கட்டாக எழுதி வைத்திருக்கின்றன. நாங்கள் எழுதவில்லை. அப்படி எழுதாமல் விட்டதற்கான விலையை, இன்றைக்கும் மெல்பேர்னிலும் சிட்னியிலும் திருப்பி அனுப்பப்படுவோமோ என்ற பயத்தோடு இருக்கும் எங்கள் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

எழுவான்கரையும் படுவான்கரையும்

வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணல் திட்டு எழுவான்கரை. கல்லடி, நாவலடி, காத்தான்குடி, கிரான்குளம், களுவாஞ்சிக்குடி என்று நெருக்கமான ஊர்கள். மேற்கே வயலும் காடும் குளமுமாகப் படுவான்கரை. கொக்கட்டிச்சோலையும் வவுணதீவும் அந்தப் பக்கம். 2007 ஜூலையில் குடும்பிமலை படையினர் கையில் விழும்வரை படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. வவுணதீவுச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் பட்டணத்துக்கு வரவேண்டியிருந்தது. மண்முனையில் பாலம் திறந்ததே 2014இல்தான். அதுவரை அந்தத் துறையைத் தோணியில் கடந்தார்கள்.

ஒரே குடும்பம் அடுத்தடுத்துப் பட்ட அடிகளை வைத்துத்தான் இந்த ஊர்களில் காலத்தைக் கணக்கிடுவார்கள். 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணைப் படுகொலை. 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமில் இருந்து பிடித்துச் செல்லப்பட்டவர்கள் திரும்பவில்லை. அதே மாதம் சத்துருக்கொண்டானில் குழந்தைகள், முதியவர்கள் என்று பாராமல் கொன்றார்கள். 2004 மார்ச்சில் புலிகளில் இருந்து கருணா பிரிந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 26இல் நாவலடியைக் கடல் கொண்டுபோனது. 2006, 2007இல் வாகரையிலும் படுவான்கரையிலும் இருந்து இலட்சக்கணக்கில் சனம் இடம்பெயர்ந்தது. பிரிவுக்குப் பிறகு ஆயுதத்தோடு யார் யார் பக்கம் நிற்கிறார்கள் என்று தெரியாத நாட்களில், ஒரு இளைஞனுக்கு மூன்று பக்கமும் பயம் இருந்தது: விட்டு வந்த இயக்கம், பிரிந்து நின்றவர்கள், புலனாய்வுக்காரர்.

2009இல் போர் முடிந்தது. 2012இல் படகுகள் புறப்பட்டன. போர் முடிந்த பிறகு எதற்கு அகதி என்று கேட்பவர்கள் கொழும்பிலும் இருந்தார்கள், கன்பராவிலும் இருந்தார்கள். மட்டக்களப்பில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாது. போர் முடிந்ததும் துப்பாக்கிச் சத்தம் நின்றது, விசாரிப்பு நிற்கவில்லை. புனர்வாழ்வு முகாமில் இருந்து வந்த பையனின் வீட்டுக்கு மாதம் ஒரு முறை யாரோ வந்து “தம்பி இருக்காரா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அடிக்கவும் மாட்டார்கள், திட்டவும் மாட்டார்கள். அந்தக் கேள்வி ஒன்றுக்கே தாய்மார் நகையை அடகு வைத்து மகனைப் படகில் ஏற்றினார்கள்.

கடனும் ஒரு காரணம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்? வாழ்வாதாரம் போனவர்களும் பயத்தில் ஓடியவர்களும் ஒரே படகில் ஏறினார்கள். பல பேரிடம் இரண்டு காரணமும் சேர்ந்தே இருந்தது. உயிர்ப் பயத்தால் தொழிலுக்குப் போக முடியாதவன் கடனாளியாகிறான். அவனைப் பொருளாதார அகதி என்று ஒரு கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளுவது அதிகாரிகளுக்கு வசதியான வேலை. ஏஜென்சிக்காரர்கள் இந்த இரண்டையும் நன்றாகப் படித்து வைத்திருந்தார்கள். தலைக்குப் பல இலட்சம் ரூபா. ஒரு பகுதி முற்பணம், மிச்சம் போய்ச் சேர்ந்த பிறகு. வாழைச்சேனைப் பக்கத்தில் இருந்தும், நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்தில் இருந்தும், சில நாள் மீன்பிடிக்கென்று கட்டிய ட்ரோலர்கள் அறுபது எழுபது பேரைச் சுமந்துகொண்டு இரண்டு மூன்று வாரம் ஓடின. 2012ஆம் ஆண்டில் மட்டும் 17,000க்கும் மேற்பட்டோர் படகில் அவுஸ்திரேலியாவை அடைந்தார்கள். அவர்களில் 6,000க்கும் மேற்பட்டோர் இலங்கையர்.

கதவு மூடிய விதம்

அவுஸ்திரேலியா அந்தக் கதவை ஒரே நாளில் மூடவில்லை. 2012 ஓகஸ்டில் நவுறுவிலும் பப்புவா நியூகினியின் மானுஸ் தீவிலும் தடுப்பு முகாம்களை மீண்டும் திறப்பதென்று முடிவானது. அதே ஆண்டு ஒக்டோபர் கடைசியில் இலங்கையர்களுக்கென்றே தனியாக ஒரு வடிகட்டல் விசாரணை வந்தது. சட்டத்தரணி கிடையாது, முறையான விண்ணப்பம் கிடையாது, மேன்முறையீடும் கிடையாது. கேள்விகளுக்கு ஒருவர் சொல்லும் பதிலில் அகதிக்கான காரணம் தென்படவில்லை என்று அதிகாரி நினைத்தால் சில நாட்களிலேயே விமானம். இந்த வழியில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

2013 ஜூலை 19இல் பிரதமர் கெவின் ரட், இனிப் படகில் வரும் எவரும் அவுஸ்திரேலியாவில் குடியேற முடியாது என்று அறிவித்தார். செப்டெம்பரில் ஆட்சி மாறியது. இராணுவத் தளபதி ஒருவரின் தலைமையில் படகுகளைத் தடுக்கும் எல்லை நடவடிக்கை தொடங்கியது. நவம்பரில் பொதுநலவாய மாநாட்டுக்குக் கொழும்பு வந்த பிரதமர் டொனி அபொட், படகுகளை மறிப்பதற்கென்று இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துக் கப்பல்களைக் கொடுப்பதாக அறிவித்தார். போரின் கடைசி மாதங்களைப் பற்றி உலகம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில், ஓடித் தப்புகிறவனை மறிக்கக் கப்பல். வடகிழக்கில் இதைக் கசப்போடு பேசாதவர் யார்?

அந்த 41 பேர் கையளிக்கப்பட்ட அதே வாரங்களில் இன்னொரு படகும் நடுக்கடலில் இருந்தது. புதுச்சேரியில் இருந்து புறப்பட்ட ஈழத் தமிழர் ஏறத்தாழ 150 பேர். சுங்கத் திணைக்களத்தின் ‘ஓஷன் புரொடெக்டர்’ கப்பலில், ஜன்னல் இல்லாத அறைகளில், ஏறத்தாழ ஒரு மாதம் அடைத்து வைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் பெயரால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2015 ஜனவரி 28இல் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அரசாங்கம் வென்றது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படும் அந்த வழக்கில் மனுதாரரின் பெயர் ‘சிபிசிஎஃப்’. அகதிக் கோரிக்கையாளரின் பெயரை நீதிமன்றம் வெளியிடக்கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். ஆளைப் பாதுகாக்கத்தான் அந்த ஏற்பாடு. முகாம்களிலோ வேறு காரணத்துக்காக எழுத்துகளும் எண்களும் ஒட்டப்பட்டன. வந்த படகுக்கு மூன்று எழுத்து, ஆளுக்கு ஒரு எண். சாப்பாட்டு வரிசையில், மருந்து வரிசையில், தொலைபேசி வரிசையில் அந்த எண்ணைத்தான் கூப்பிட்டார்கள்.

அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகும் வெளியே விடப்படாத தமிழர்களும் இருந்தார்கள். அந்நாட்டுப் புலனாய்வு நிறுவனம் பாதகமான பாதுகாப்பு மதிப்பீடு ஒன்றை எழுதிவிட்டால் போதும். காரணம் சொல்லப்படாது, திருப்பி அனுப்பவும் முடியாது, விடவும் மாட்டார்கள். ஆண்டுக் கணக்கில் அப்படிக் கிடந்தார்கள். காலவரையின்றி ஆட்களை அடைத்து வைப்பது சட்டவிரோதம் என்று அதே உயர் நீதிமன்றம் சொல்வதற்கு 2023 நவம்பர் வரை ஆனது.

ஒரு பை நிறையக் காகிதம்

படுவான்கரையில் ஒரு வீடு. திரும்பி வந்தவர் வெளியே நிற்கிறார், பேச விருப்பமில்லை. அவருடைய தாய்தான் உள்ளே போய்ப் புடவைக்கடைப் பை ஒன்றைக் கொண்டுவந்து பாயில் கவிழ்த்தார். “இதுக்குள்ள எல்லாம் இருக்கு மனே, பாருங்க.” ஆங்கிலத்தில் பல பக்க முடிவுக் கடிதம். நீர்கொழும்பு நீதிமன்றத் தவணைத் துண்டு. தண்டப்பணம் கட்டிய பற்றுச்சீட்டு. அடகுச் சீட்டுகள் இரண்டு, தவணை கடந்தவை. முகாமில் தந்த அடையாள அட்டை. படத்தில் ஆள் இன்றையை விடப் பருமனாக இருந்தார். இந்தக் காகிதங்களை வீட்டில் எவரும் முழுதாக வாசித்ததில்லை.

முடிவுக் கடிதத்தை வாசித்தேன். அதில் அந்த மனிதரின் வாழ்க்கை இருந்தது. பிறந்த ஊர், படித்த வகுப்பு, தகப்பன் காணாமல் போன ஆண்டு, தமையனை விசாரணைக்குக் கொண்டுபோன இடம். வேறெங்கும் எழுதப்படாத வாழ்க்கை, நம்பவில்லை என்று சொல்வதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதப்பட்டிருந்தது. முதல் நேர்காணலில் ஒரு மாதமும் இரண்டாவதில் வேறொரு மாதமும் சொன்னார், ஆகவே கோரிக்கையாளர் நம்பத்தகுந்தவர் அல்லர்.

எங்கள் பக்கத்துச் சனம் நாள் சொல்லும் விதம் தெரிந்தவர்கள் இப்படி எழுதமாட்டார்கள். சுனாமிக்கு முந்தின மாரி, பிரிவுக்குப் பிறகு வந்த கண்ணகி அம்மன் சடங்கு, வாகரைச் சனம் வந்திறங்கின நேரம் என்றுதான் இங்கே நிகழ்ச்சிகள் நினைவில் இருக்கின்றன. அதை ஆங்கில மாதமாகவும் திகதியாகவும் சொல்லச் சொன்னால் ஒரு முறை ஒக்டோபர் வரும், மறுமுறை டிசம்பர் வரும். இரண்டும் மாரிதான். இன்னொன்றும் உண்டு. மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். கல்யாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்கு வந்துவிடுவான். கிராம சேவகரின் பதிவில் ஒரு ஊர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு ஊர், தேடி வந்தவர்கள் விசாரித்தது தாய் வீட்டில். சொந்த முகவரி எது என்று கேட்கும் அதிகாரிக்கு ஒருவன் மூன்று பதில் சொன்னால் மூன்றும் உண்மையாக இருக்கும். இதை அந்த மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அங்கே ஆள் இருக்கவில்லை.

திரும்பி வருகிறவர்களுக்குக் கட்டுநாயக்கவில் நடப்பது ஏறக்குறைய ஒரே ஒழுங்கில் நடக்கும். குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் விசாரிக்கும், அரச புலனாய்வுச் சேவை விசாரிக்கும், குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரிக்கும். ஊர்ப் பொலிசுக்கு அழைப்புப் போகும். பிறகு நீர்கொழும்பு நீதவான். 1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட துறைமுகம் அல்லாத இடத்தால் நாட்டை விட்டுப் போனது குற்றம். ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் இரண்டு இலட்சம் ரூபா வரை தண்டமும் சட்டத்தில் உண்டு. படகில் போன சாதாரண பயணிக்குப் பெரும்பாலும் தண்டமும் பிணையும்தான். படகு ஓட்டியவர், ஆள் சேர்த்தவர் என்று சந்தேகிக்கப்பட்டால் விளக்கமறியல். எந்த நாட்டை விட்டும் வெளியேறுவதற்கு ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது மனித உரிமைகளுக்கான உலகப் பிரகடனத்தின் 13ஆவது உறுப்புரை. அந்த உரிமையைப் பயன்படுத்தியதற்குத்தான் இந்தத் தண்டம்.

பிணை எடுக்க உறவுக்காரர் ஒருவர் மட்டக்களப்பில் இருந்து இரவு பஸ் ஏறி நீர்கொழும்புக்குப் போகவேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் அதே பயணம். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு தவணை என்பது இரண்டு நாள் கூலியும் பஸ் காசும். வழக்கு ஆண்டுக் கணக்கில் இழுபடும்போது தண்டத்தை விடப் பயணச் செலவு மேலே போய்விடுகிறது. இதற்கிடையில் முற்பணத்துக்கு வாங்கிய கடன் வட்டியோடு நிற்கிறது. ஊரில் யாரும் வெளிப்படையாகக் குறை சொல்வதில்லை, கோயில் திருவிழாவில் “எப்ப வந்த?” என்று கேட்பார்கள், அவ்வளவுதான். ஆனாலும் பலர் திருவிழாவுக்கே போவதை நிறுத்திவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் கட்டாருக்கோ சவூதிக்கோ ஒரு வழி தேடுகிறார்கள். கடவுச்சீட்டு எடுக்கப் போனால் பழைய கேஸ் கம்ப்யூட்டரில் வந்து நிற்கிறது.

எழுதினால் ஆபத்து

சரி, நாங்கள் ஏன் எழுதவில்லை?

முதற் காரணம் பயம், அதில் நியாயம் இருக்கிறது. பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31இல் மட்டக்களப்பு நகரத்தில் வேலைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பின் பிள்ளை, ‘தராக்கி’ சிவராம், அடுத்த ஆண்டு ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். இந்த ஊரில் பேனா எடுத்தவர்களுக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது காரணம் இன்னும் கடினமானது. எழுதுகிறவனுக்கு மட்டும் அல்ல, எழுதப்படுகிறவனுக்கும் ஆபத்து. 2014 பெப்ரவரியில் அவுஸ்திரேலியக் குடிவரவுத் திணைக்களம், தடுப்பில் இருந்த ஏறத்தாழ 10,000 பேரின் பெயர், பிறந்த திகதி, நாடு உள்ளிட்ட விபரங்களைத் தவறுதலாக இணையத்தில் விட்டுவிட்டது. எவரிடம் இருந்து தப்பி ஓடினார்களோ அவர்களுக்கே பட்டியல் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்ற பயத்தோடு அந்த மனிதர்கள் பிறகு வாழ வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் வந்ததே 2021இல்தான். ஒரு பெயர், ஒரு படம், ஒரு ஊர்ப் பெயர் போதும். எங்கள் ஊர்கள் சின்னவை. ‘படுவான்கரையைச் சேர்ந்த, 2012இல் போன, காலில் காயமுள்ள ஒருவர்’ என்று எழுதினாலே ஆளைப் பிடித்துவிடலாம். ஆகவே மேலே சொன்ன அந்த வீட்டைப் பற்றி நான் சொல்லாமல் விட்டவைதான் அதிகம், இன்னும் சொல்லப் போவதும் இல்லை.

ஆனால் எழுதாமல் விட்டாலும் ஆபத்துத்தான். அதை நாங்கள் யோசித்துப் பார்க்கவில்லை.

அவுஸ்திரேலியாவில் ஒரு தமிழரின் கோரிக்கையைத் தீர்மானிக்கும் அதிகாரியின் மேசையில் அந்நாட்டு வெளிவிவகாரத் திணைக்களம் இலங்கையைப் பற்றித் தயாரிக்கும் அறிக்கை இருக்கும். அதைக் கணக்கில் எடுக்கவேண்டும் என்பது அவருக்குள்ள பணிப்பு. திரும்பி வருகிறவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதற்கு அதில் தனிப் பகுதி உண்டு. சித்திரவதைக்கான ஆபத்துக் குறைவு, தண்டம் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்கிற தோரணையில் அது எழுதப்பட்டிருக்கும். யார் சொன்னது, எந்த ஊரில் கேட்டது என்று அதில் தெரியாது. 2021இல் பிரித்தானிய மேல்நிலைத் தீர்ப்பாயம் ஈழத் தமிழர் இருவரின் வழக்கில் இந்தக் குறையையே சுட்டிக்காட்டி, மூலங்கள் யாரென்று தெரியாத அந்த அறிக்கைக்குப் பெரிய கனம் கொடுக்க மறுத்தது. பிரித்தானிய நீதிபதிகளுக்குத் தென்பட்ட குறை இது. அதை நிரப்பக்கூடிய சாட்சியம் வவுணதீவிலும் வாகரையிலும் இருக்கிறது. நாங்கள் அதை எடுத்து வைக்காத இடத்தில் அவர்களுடைய அறிக்கை ஒன்றே பேசுகிறது.

அந்த அறிக்கையின் நிழலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள். 2012 ஓகஸ்டுக்குப் பிறகு படகில் வந்து உள்ளே விடப்பட்டவர்களுக்கு 2014 டிசம்பரில் ‘விரைவு வழி’ என்று ஒரு முறை சட்டமானது. பெயர்தான் விரைவு, விண்ணப்பிக்க அழைக்கவே ஆண்டுகள் எடுத்தார்கள். நிராகரித்தால் காகிதத்தை மட்டும் பார்த்து மறுபரிசீலனை, ஆளை நேரில் கேட்பது அரிது, புதுச் சாட்சியத்தையும் எளிதில் ஏற்கமாட்டார்கள். அந்த முறை நியாயமாக இல்லை என்று தொழிற்கட்சியே சொன்னது. 2023 பெப்ரவரியில் தற்காலிக விசா கிடைத்திருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தார்கள். அதே முறையில் நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோரை வெளியே விட்டுவிட்டார்கள். சிலருக்கு வேலை செய்யும் உரிமை இல்லை, சிலருடைய பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் இல்லை. 2024இல் மெல்பேர்னில் உள்துறைத் திணைக்கள அலுவலகத்துக்கு முன்னால் மாதக் கணக்கில் கூடாரம் போட்டு இருந்தார்கள். அந்த ஓகஸ்டில், சிறுவனாகப் படகில் வந்திறங்கிய 23 வயது ஈழத் தமிழ் இளைஞர் ஒருவர் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குப் பத்தாண்டுக்கு முன் ஜீலோங்கிலும் ஒரு தமிழர் அப்படி இறந்தார். தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்த அவருடைய பெற்றோருக்கு மகனின் இறுதிச் சடங்குக்குப் போக விசா கொடுக்கவில்லை. விரைவு வழி மறுபரிசீலனை அமைப்பு 2024 ஒக்டோபரில் ஒழிக்கப்பட்டது. அது நிராகரித்தவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஊர் ஒன்று சாட்சி சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு பிலோயெலா இருக்கிறது. குயீன்ஸ்லாந்தில் இறைச்சித் தொழிற்சாலை உள்ள சின்ன நகரம் அது. 2018 மார்ச்சில் ஒரு தமிழ்க் குடும்பத்தை விடியற்காலையில் வீட்டில் இருந்து தூக்கிப் போனார்கள். 2019 ஓகஸ்டில் விமானத்தில் ஏற்றியும்விட்டார்கள். நடுவானில் இருக்கும்போது நீதிமன்றத் தடை கிடைத்து டார்வினில் இறக்கினார்கள். பிறகு கிறிஸ்மஸ் தீவு. அயலவர்கள் விடவில்லை. அந்தத் தகப்பன் எங்கே வேலை செய்தார், தாய் மருத்துவமனைக்கு எந்தக் கறி சமைத்துக் கொண்டுபோனார், பிள்ளைகளின் பிறந்தநாள் எப்போது என்று தெரிந்தவர்கள் அதையே நான்கு ஆண்டு ஊர் ஊராகச் சொன்னார்கள். 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது. ஓகஸ்டில் நிரந்தர விசா. அந்த நகரத்து வெள்ளைக்காரப் பெண்கள் எங்கள் குடும்பம் ஒன்றின் வாழ்க்கையை எழுதிக் காப்பாற்றினார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நன்றியும் வெட்கமும் சேர்ந்தே வரும்.

மட்டக்களப்புக்கும் இந்த வேலை புதிது அல்ல. 1948இல் அமெரிக்காவில் இருந்து புனித மிக்கேல் கல்லூரிக்கு வந்து இந்த மண்ணிலேயே கண்மூடிய இயேசு சபைத் துறவி அருட்தந்தை ஹரி மில்லர், 1990இல் ஆட்கள் காணாமல் போகத் தொடங்கியபோது மட்டக்களப்புச் சமாதானக் குழுவினரோடு சேர்ந்து பெயர்களை எழுதினார். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று ஒரு தாய் வந்து சொன்னால், யார், எப்போது, எங்கே, யார் கொண்டுபோனது என்று எழுதி வைப்பதே வேலை. அன்றைக்கு அதனால் பெரும்பாலும் எவரும் திரும்பி வரவில்லை. ஆனால் பிறகு வந்த ஆணைக்குழுக்களுக்கு முன்னால் அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை என்பது போல் எவரும் பேச முடியவில்லை. எழுதியவர் ஒரு பாதிரியார், எழுதியது ஆயுதம் நடமாடிய தெருக்களில்.

படகுகளும் நிற்கவில்லை. 2021 ஒக்டோபரில் கனடா நோக்கிப் போன 89 தமிழர் பிரித்தானியாவின் டியேகோ கார்சியாத் தீவில் சிக்கி மூன்று ஆண்டுகள் வேலிக்குள் கூடாரத்தில் இருந்தார்கள். அந்தத் தடுப்பு சட்டவிரோதம் என்று 2024 டிசம்பரில்தான் தீர்ப்பு வந்தது. 2022 நவம்பரில் தத்தளித்த படகில் இருந்து 303 பேர் ஜப்பானியக் கப்பலால் மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டார்கள். அடுத்த மாதமே ஏறத்தாழ பாதிப் பேர் கட்டுநாயக்கவில் வந்திறங்கினார்கள். அன்றைக்குச் செய்தி. அதற்குப் பிறகு அந்த மனிதர்களைப் பற்றி ஒரு வரி படித்தீர்களா?

நமது கரைக்கு வந்தவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட றோகிஞ்சா அகதிகள் முள்ளிவாய்க்கால் கரையில் ஒதுங்கினார்கள். முல்லைத்தீவு மீனவர்கள் சோறும் தண்ணீரும் கொடுத்தார்கள். கடற்படை அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோனது. பிறகு கேப்பாப்புலவு விமானப்படை முகாமில் வைத்தார்கள். படகு ஓட்டியவர்கள் என்று சிலர் விளக்கமறியலில் வைக்கப்பட்டார்கள். திருப்பி அனுப்புவோம் என்ற பேச்சும் எழுந்தது. வடக்கிலும் கிழக்கிலும் சனம் எதிர்ப்புத் தெரிவித்தது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் இலங்கை இன்றுவரை கையெழுத்திடவில்லை. அந்த முகாமில் வைக்கப்பட்டவர்களின் கதையைத் தமிழில் யாராவது முழுதாக எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

பதிவை எப்படிச் செய்வது என்பதற்கு மந்திரம் ஒன்றும் வேண்டாம், கவனம் வேண்டும். பெயரும் ஊரும் ஒரு கொப்பியில், சொன்னது இன்னொரு கொப்பியில், இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது. குரல் வேண்டாம் என்றால் குரல் வேண்டாம். பத்து ஆண்டுக்குப் பிறகு வந்து “என்ட கதையைக் கிழித்துப் போடுங்க” என்றாலும் கிழிக்கத் தயாராக இருக்கவேண்டும். எந்தத் திகதியில் விமானம் இறங்கியது, எத்தனை மணி நேரம் விசாரித்தார்கள், என்ன கேட்டார்கள், வீட்டுக்கு வந்த பிறகு யார் எத்தனை முறை வந்தார்கள், கைபேசி எண்ணை யார் வாங்கிக்கொண்டார்கள், எத்தனை தவணைக்குப் போனார்கள். இதை மாரிக் கணக்கில் சொன்னால் மாரிக் கணக்கிலேயே எழுதிவிட்டு, பக்கத்தில் ஆங்கில மாதத்தை நாங்கள் போட்டுக்கொள்ளலாம். தவணைத் துண்டுகளையும் பற்றுச்சீட்டுகளையும் படம் எடுத்து வைக்கலாம். மை மங்கிக்கொண்டே போகிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தமிழும் சமூகவியலும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், நீதிமன்றத் தமிழ் தெரிந்த சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், மெல்பேர்னில் அந்தச் சாட்சியத்தை எந்த வடிவில் தந்தால் ஏற்பார்கள் என்று சொல்லக்கூடிய வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். மூன்று தரப்பையும் ஒரு மேசையில் இருத்த ஒரு பொது அமைப்பு முன்வரவேண்டும்.

முதலில் எழுதப்பட வேண்டியவர்கள் 2012 நவம்பரில் தொடங்கி அந்த வடிகட்டலில் அனுப்பப்பட்டவர்கள். அவர்கள் வந்து பத்தாண்டுக்கு மேலாகிறது. சிலர் மறுபடியும் வெளிநாடு போய்விட்டார்கள், சிலருடைய தாய்மார் இறந்துவிட்டார்கள், அந்தத் தாய்மார்தான் பைகளை வைத்திருந்தார்கள்.